எண் சிவக்கும் நாளில்: நிறுவன வியூகமும் செயல்திறன் அளவீடும்

1980களின் பிற்பாதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அனலாக் டிவைசஸ் என்ற செமிகண்டக்டர் நிறுவனத்தில் மாதாந்திர நிர்வாகக் கூட்டத்தை எதில் தொடங்குவது என்பதில் ஓர் இழுபறி இருந்தது. நிறுவனர் ரே ஸ்டாட்டா தர மேம்பாட்டு விவரங்களை முதலில் பேச விரும்பினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஜெர்ரி ஃபிஷ்மேனுக்கு வரவு செலவுக் கணக்கு முதலில் வர வேண்டும். எது பின்னால் தள்ளப்படுகிறதோ அதற்கு நேரமும் குறையும், கவனமும் குறையும். தரப் பொறுப்பில் இருந்த ஆர்ட் ஷ்னைடர்மேன் இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவந்தார். லாபம், விற்பனை வளர்ச்சி போன்ற பண எண்களுக்குப் பக்கத்திலேயே சொன்ன தேதியில் சரக்கு போய்ச் சேரும் சதவீதம், பழுதுகளின் அளவு, உற்பத்திக்கு ஆகும் காலம், புதுப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவர ஆகும் காலம் எல்லாம் இடம்பெற்றன. ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் கேப்லன் இந்தத் தாளைப் பார்த்தார். ஆலோசகர் டேவிட் நார்ட்டனோடு சேர்ந்து 1992ல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் ‘பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு’ என்ற பெயரை உலகெங்கும் கொண்டுபோனது.

இந்தப் பிறப்புக் கதையைப் பலரும் சொல்கிறார்கள். அந்தத் தாள் அதே நிறுவனத்தில் என்ன விளைவித்தது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. எம்ஐடி ஆய்வாளர் ஜான் ஸ்டெர்மன், சகாக்கள் நெல்சன் ரெப்பெனிங், ஃபிரெட் கோஃப்மன் ஆகியோரோடு 1997ல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் கேட்டது. 1987 முதல் 1990 வரையிலான மூன்றே ஆண்டுகளில் பழுதுகள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தன. சிப் உற்பத்தியில் தேறும் விகிதம் ஏறத்தாழ இருமடங்கானது. உற்பத்திக் காலம் பாதியளவுக்கு இறங்கியது. சொன்ன தேதியில் அனுப்புவது 70 சதவீதத்திலிருந்து 96 சதவீதத்துக்குப் போனது. அதே காலத்தில் பங்கு விலை 18.75 டாலரிலிருந்து 6.25 டாலருக்கு விழுந்தது. நிறுவன வரலாற்றில் முதல்முறையாக ஆட்குறைப்பும் நடந்தது.

தாளில் இருந்த எண்கள் எதுவும் பொய்யில்லை. சிக்கல் அவற்றின் வேகத்தில் இருந்தது. ஒரு குறைபாடு பாதியாகக் குறைய எவ்வளவு காலம் ஆகும் என்பதை ஷ்னைடர்மேனே ‘அரை ஆயுள்’ என்று கணக்கிட்டு வைத்திருந்தார். ஒரே பிரிவுக்குள் முடியும் எளிய வேலையில் சில மாதங்கள் போதும். பல துறைகள் கைகோக்க வேண்டிய புதுப்பொருள் உருவாக்கத்தில் ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே தொழிற்சாலை வேகமாகத் திருந்தியது, புதுப் பொருள்கள் பழைய வேகத்திலேயே வந்தன. அதே இயந்திரங்களையும் ஆட்களையும் கொண்டு இருமடங்கு செய்ய முடிந்தது, வாங்கத்தான் ஆளில்லை. விலையை நேரடி உற்பத்திச் செலவின் மேல் ஒரு விகிதம் கூட்டி வைக்கும் பழக்கம் இருந்ததால், செலவு குறைந்ததும் விலையும் தானாக இறங்கியது. ஆராய்ச்சிக்கும் நிர்வாகத்துக்கும் மிஞ்ச வேண்டிய பணம் சுருங்கியது. தரத்தை உயர்த்திக் கொடுத்த தொழிலாளர்களுக்கே வேலை போகுமோ என்ற அச்சம் வந்தது. பிறகு புதுப் பொருள்கள் வந்து நிறுவனம் மீண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதை நான் முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. செயல்திறன் அளவீடு பற்றிய பெரும்பாலான பேச்சு எதை அளப்பது, எத்தனை கேபிஐ (முக்கியச் செயல்திறன் குறியீடு) வைப்பது, எந்த மென்பொருளில் காட்டுவது என்பதைச் சுற்றியே நடக்கிறது. நாற்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு. ஓர் எண் சிவப்பாக மாறும் நாளில் கூட்டத்தில் என்ன கேட்கப்படுகிறது என்பதில்தான் அளவீடு வியூகத்தை நடத்துகிறதா, கெடுக்கிறதா என்பது தீர்மானமாகிறது. “ஏன் எட்டவில்லை?” என்பதோடு பேச்சு முடிந்துவிட்டால், அடுத்த மாதம் எண்ணைப் பச்சையாக்க ஏதோ ஒரு வழி பிறந்துவிடும். “எதைச் செய்தால் இது மாறும் என்று நினைத்தோம், அந்த நினைப்பு சரிதானா?” என்று கேட்கும் இடத்தில்தான் வியூகம் உயிரோடு இருக்கிறது.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1910களில் டூபாண்ட் நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன், முதலீட்டின் மீதான வருவாயை லாப விகிதமாகவும் முதலீட்டின் சுழற்சியாகவும் பிரித்துக் காட்டினார். அது ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போய், ஆல்ஃபிரட் ஸ்லோன் காலத்தில் பெரிய நிறுவனத்தைப் பிரிவு பிரிவாக ஆளும் கருவியானது. 1954ல் பீட்டர் டிரக்கர், பணம் ஒன்றை மட்டும் பார்த்து நிர்வகிப்பது ஆபத்து என்று எழுதி, சந்தை நிலை, புதுமை, ஊழியர் மனப்பான்மை உட்பட எட்டு துறைகளில் குறிக்கோள் வைக்கச் சொன்னார். கேப்லனும் தாமஸ் ஜான்சனும் 1987ல் எழுதிய நூல், கணக்கியல் எண்கள் தாமதமாகவும் மொத்தமாகவும் வருவதால் தொழிற்சாலையை நடத்துபவருக்கு உதவாமல் போய்விட்டன என்று வாதிட்டது. அந்தக் குறையை நிரப்பத்தான் ஸ்கோர்கார்டு வந்தது. பணம், வாடிக்கையாளர், உள்வேலை முறைகள், கற்றலும் வளர்ச்சியும் என்று நான்கு கோணங்கள் வைத்தார்கள். கேப்லனும் நார்ட்டனும் இவற்றைக் காரண காரியச் சங்கிலியாக இணைக்கச் சொன்னார்கள். பணியாளர் திறமை வளர்ந்தால் வேலைமுறை சீராகும், அது சீரானால் வாடிக்கையாளர் நிறைவடைவார், அவர் நிறைவடைந்தால் பணம் வரும். 2000ல் இதையே ‘வியூக வரைபடம்’ என்று படமாக வரைந்து காட்டினார்கள். அதற்குள் மறுபக்கத்தில், இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் வளர்த்த குறிக்கோள் முறையை 1999ல் முதலீட்டாளர் ஜான் டோர் கூகுளுக்குக் கொண்டுபோயிருந்தார். இன்று மென்பொருள் நிறுவனங்களில் ஓகேஆர் என்று புழங்குவது அதுதான்.

ஸ்கோர்கார்டு தரப்பு எப்போதும் முன்வைக்கும் சான்று மோபில் எண்ணெய் நிறுவனத்தின் அமெரிக்கச் சுத்திகரிப்பு, விற்பனைப் பிரிவு. 1990களின் தொடக்கத்தில் லாபத்தில் அந்தத் துறையின் கடைசி இடம், 1995ல் முதல் இடம். பாப் மெக்கூல் தலைமையில் அவர்கள் செய்த முதல் வேலை, யாருக்கு விற்கிறோம் என்று ஆராய்ந்ததுதான். பெட்ரோல் வாங்குபவர்களை ஐந்து வகையாகப் பிரித்தபோது, விலையை மட்டுமே பார்த்து வாங்குபவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. வேகம், சுத்தம், மரியாதையான பேச்சு, நல்ல கடை ஆகியவற்றுக்காகச் சில சென்ட் கூடுதலாகத் தரத் தயாராக இருந்த மூன்று வகையினர் 59 சதவீதம். அவர்களைக் குறிவைத்தார்கள். ஆனால் பெட்ரோல் நிலையங்களை நடத்தியவர்கள் மோபில் ஊழியர்கள் அல்லர், தனி டீலர்கள். அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. ஆகவே மாதந்தோறும் அடையாளம் சொல்லாமல் ஒரு ‘மர்ம வாடிக்கையாளர்’ வந்து பெட்ரோல் போட்டு, கழிப்பறை, விளக்கு, பணியாளர் பேச்சு என்று ஒரு பட்டியலின்படி மதிப்பெண் தரும் முறை வந்தது. நிறுவனத்தை 18 வணிகப் பிரிவுகளாக உடைத்தார்கள், ஒவ்வொன்றும் தனக்கான ஸ்கோர்கார்டை எழுதிக்கொண்டது.

இந்தக் கதையில் என் மனதைப் பிடித்தது லாப எண்ணைவிட டேங்கர் லாரி ஓட்டுநர்கள்தான். ஸ்கோர்கார்டைப் பற்றி அவர்களுக்கும் விளக்கிச் சொன்னார்கள். அதன் பிறகு, சரக்கு இறக்கப் போன இடத்தில் விளக்கு எரியவில்லை, நிலையம் அழுக்காகக் கிடக்கிறது என்று அவர்களே தலைமை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லத் தொடங்கினார்கள். லாரி ஓட்டுநரின் வேலைப் பட்டியலில் அது கிடையாது, அதற்கு எந்த அளவுகோலும் வைக்கப்படவில்லை. நிறுவனம் யாரை நம்பிப் பிழைக்கப் போகிறது என்று அவருக்குப் புரிந்திருந்தது. அளவீடு அங்கே வியூகத்தைப் பற்றிய பேச்சைக் கடைசி ஆள்வரை கொண்டுபோயிருந்தது. அதே நேரம், இந்த ஏற்றத்துக்கு ஸ்கோர்கார்டு ஒன்றே காரணம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே ஆண்டுகளில் மோபில் செலவைக் கடுமையாகக் குறைத்தது, அமைப்பையே மாற்றியது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல அந்தக் கதையில் வழியில்லை. டாடா மோட்டார்ஸ் 2000-01 நிதியாண்டில் ரூ.500 கோடி நட்டத்தில் விழுந்து எழுந்ததையும், அதன் வணிக வாகனப் பிரிவு ஸ்கோர்கார்டைக் கையாண்டதையும் இணைத்துப் பேசும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்.

வெற்றிக் கதைகளைத் தாண்டி ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஸ்டான் டேவிஸும் டாம் ஆல்பிரைட்டும் 2004ல் ஒரே அமெரிக்க வங்கிக்குள் ஸ்கோர்கார்டு வைத்த கிளைகளையும் வைக்காத கிளைகளையும் ஒப்பிட்டார்கள். வைத்த கிளைகள் நிதியளவில் மேலாக இருந்தன. கிறிஸ்டோபர் இட்னரும் டேவிட் லார்க்கரும் 2003ல் 157 நிறுவனங்களை ஆராய்ந்தபோது, தாங்கள் அளக்கும் பணமல்லாத விஷயங்கள் உண்மையில் லாபத்துக்கு இட்டுச்செல்கின்றனவா என்று தொடர்ந்து சரிபார்த்தவை 23 சதவீதம்தான் என்று கண்டார்கள். அந்தச் சிறு கூட்டத்தின் சொத்து மீதான வருவாய் மற்றவற்றைவிடச் சராசரியாக 2.95 சதவீதம் கூடுதல். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடந்த இன்னோர் ஆய்வில், ஸ்கோர்கார்டு வைத்திருப்பதாகச் சொன்ன நிறுவனங்களில் ஏறக்குறைய பாதியில் காரண காரியத் தொடர்பே வரையப்படவில்லை. நான்கு தலைப்பின் கீழ் எண்கள் அடுக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான். டென்மார்க்கைச் சேர்ந்த ஹானே நோரெக்லிட் 2000ல் அடிப்படையிலேயே கை வைத்தார். திருப்தியடைந்த வாடிக்கையாளர் லாபம் தருவார் என்று எந்த விதியும் இல்லை, செலவு மிகுந்த வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தினால் நட்டம்தான் வரும் என்றார். அந்தக் கண்டனம் நியாயமானது. சங்கிலியை மெய்யென்று சுவரில் ஒட்டிவைப்பதும், ஊகமென்று ஏற்று மாதாமாதம் சோதிப்பதும் ஒன்றாகாது.

வியூகங்களில் பத்தில் ஒன்பது செயலாக்கத்தில் தோற்கின்றன என்று ஆலோசகர்கள் தரும் புள்ளிவிவரத்தையும் இங்கே தொட்டுவிடுகிறேன். போர்ச்சுகல் ஆய்வாளர்கள் காண்டிடோவும் சான்டோஸும் 2015ல் அதன் வேரைத் தேடிப் போய், அத்தகைய எண்கள் பழையவை, சிதறலானவை, உறுதியான ஆதாரம் அற்றவை என்று காட்டியிருக்கிறார்கள். அளவீட்டை விற்பதற்கே ஆதாரமில்லாத அளவைப் பயன்படுத்துவதை நாம் ஏற்கக் கூடாது.

நன்றாகச் சோதித்த சங்கிலிக்கும் எல்லை உண்டு என்பதற்கு சியர்ஸ் சாட்சி. 1990களில் அந்தச் சில்லறை வணிக நிறுவனம் தன் 800 கடைகளின் தரவை வைத்து ஒரு கணக்குப் போட்டது. ஊழியர் மனப்பான்மை 5 புள்ளி உயர்ந்தால் வாடிக்கையாளர் எண்ணம் 1.3 புள்ளி உயர்கிறது, அதனால் வருவாய் வளர்ச்சி 0.5 சதவீதம் கூடுகிறது. மேலாண்மைப் பாடங்களில் இன்றும் சொல்லப்படும் நல்ல வேலை அது. அந்த நிறுவனம் 2018 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. கடைக்குள் நடப்பதைக் கணக்கு சரியாகச் சொன்னது. ஜனங்கள் அந்தக் கடைக்கே வருவார்களா என்ற கேள்வி அதற்குள் இல்லை. மேலாண்மை ஆய்வாளர் ராபர்ட் சைமன்ஸ் 1995லேயே இந்த வேறுபாட்டைச் சுட்டியிருந்தார். சில அளவுகள் வண்டி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க. வேறு சில, போகும் சாலையே சரியா என்று தலைவர்கள் கீழே உள்ளவர்களோடு உட்கார்ந்து விவாதிக்க. எல்லா எண்ணையும் முதல் வகையாக மட்டும் நடத்தும் நிறுவனம், தவறான வியூகத்தைத் துல்லியமாகச் செயல்படுத்திக்கொண்டே போகும்.

இனி அளவீடு வியூகத்தை விழுங்கிய கதை. வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் வியூகம், வாடிக்கையாளரோடு நீண்ட, ஆழமான உறவு. உறவை நேரடியாக அளக்க முடியாது என்பதால் ஒரு வாடிக்கையாளர் அந்த வங்கியில் எத்தனை கணக்கும் கார்டும் கடனும் வைத்திருக்கிறார் என்பதை எண்ணினார்கள். இலக்கு எட்டு. கிளை ஊழியருக்கு அது தினசரி ஒதுக்கீடாக இறங்கியது. எட்டாதவர்களுக்குத் திட்டும் மிரட்டலும் கிடைத்தன. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்கு திறப்பது, பொய் மின்னஞ்சல் முகவரி கொடுப்பது, ஒரு கணக்கிலிருந்து பணத்தை எடுத்துப் புதுக் கணக்கில் போட்டு அது இயங்குவதாகக் காட்டுவது என்று வழிகள் பிறந்தன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, சில ஆண்டுகளில் 5,300 பேரை இதற்காக வேலையை விட்டு நீக்கியிருந்ததாக வங்கி சொன்னது. சந்தேகத்துக்குரிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று பின்னர் தெரிந்தது. 2020ல் அரசுக்கு 300 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஆழமான உறவு என்ற வியூகத்தை அந்த வியூகத்தின் அளவுகோலே கொன்றது.

மார்ச் மாதத்தில் நம்மூர் வங்கிக் கிளைக்குள் போயிருக்கிறவர்களுக்கு இந்தக் காற்று பழக்கமானதுதான். லாக்கர் கேட்டால் இன்சூரன்ஸ் பாலிசி ஒன்றைப் போடச் சொல்வார்கள். நான் கணக்கு வைத்திருக்கும் கிளையில் ஒரு முறை மேலாளர், “சார், இந்த மாசம் ரெண்டு பாலிசிதான் குறையுது, நீங்க ஒண்ணு எடுத்தா பெரிய உதவியா இருக்கும்” என்று வெளிப்படையாகவே கேட்டார். அவருடைய வங்கி மூத்த குடிமக்களின் நம்பிக்கையைச் சம்பாதிப்பதைத் தன் வியூகமாக விளம்பரம் செய்துகொண்டிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு இறங்கியது எண்தான், வியூகம் இறங்கவே இல்லை.

இந்த நோய்க்கு ஆய்வுலகில் நீண்ட வரலாறு இருக்கிறது. ரிட்ஜ்வே 1956லேயே ஒற்றை அளவு, பல அளவு, கூட்டு மதிப்பெண் மூன்றுமே நடத்தையைத் திரிக்கும் என்று எழுதினார். ஸ்டீவன் கெர் 1975ல் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு தரும் மடமையைப் பட்டியலிட்டார். ஓர் அளவு இலக்காகிவிட்டால் அது நல்ல அளவாக இருக்காது என்று பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதியும் அதே காலத்தது. நம்பிக்கை தரும் செய்தி அண்மைக்காலத்தில் வந்தது. வில்லி சோய், கேரி ஹெக்ட், வில்லியம் டெய்லர் மூவரும் 2012லும் 2013லும் வெளியிட்ட சோதனைகளில், எண்ணையே வியூகமாக எடுத்துக்கொள்ளும் மயக்கம் இரண்டு சூழலில் குறைந்தது. ஒன்று, ஊதியம் ஒரே அளவோடு கட்டப்படாமல் பல அளவுகளோடு கட்டப்பட்டபோது. மற்றது, அந்த மேலாளர் வியூகத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பங்கு பெற்றபோது. இந்தக் கட்டுரைக்காக நான் படித்தவற்றில் மிகப் பயன்பட்டது இந்த இரண்டாவது முடிவுதான்.

அந்த முடிவைச் சோதனைக்கூடத்துக்கு வெளியே பார்க்க வேண்டுமென்றால் பாடிக்கும் ஓசூருக்கும் போகலாம். பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998ல் டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். 2002ல் ஓசூரின் டிவிஎஸ் மோட்டார், பிறகு பிரேக்ஸ் இந்தியா, ரானே குழும நிறுவனங்கள், லூகாஸ் டிவிஎஸ் என்று தமிழ்நாட்டின் வாகன உதிரிபாகத் துறை இந்தப் பரிசில் பெரிய இடம் பிடித்தது. ஜப்பானில் 1951 முதல் வழங்கப்படும் இந்தப் பரிசு யாருடைய பெயரைத் தாங்குகிறதோ அந்த எட்வர்ட்ஸ் டெமிங், எண் இலக்குகளின் தீராத எதிரி. தொழிலாளிக்கு ஒதுக்கீடு வைக்காதே, குறிக்கோள் வைத்து ஆளாதே, ஆண்டு மதிப்பீடு ஒரு கொடிய நோய் என்று 1986ல் வந்த தன் நூலில் திட்டவட்டமாக எழுதியவர். ஆனால் அவர் பெயரிலான பரிசைப் பெறும் நிறுவனங்களோ கம்பெனித் தலைவரின் கொள்கையிலிருந்து லைன் வரைக்கும் இலக்கு இறக்கும் ‘ஹோஷின் கன்ரி’ முறையில் இயங்குகின்றன. நம் தொழிற்சாலைகளில் அதற்கு பாலிசி டிப்ளாய்மென்ட் என்று பெயர்.

இது முரண்பாடு போலத் தெரியும். உள்ளே நடப்பதைக் கவனித்தால் அப்படி இல்லை. டெமிங் எதிர்த்தது, எப்படிச் செய்வது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தலையில் கட்டுவதை. ஹோஷின் முறையில் இலக்கு தனியாக இறங்கக் கூடாது, வழியும் கூடவே இறங்க வேண்டும். ‘வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனில் நம் பாகத்தால் ஒரு கோளாறும் வரக்கூடாது’ என்பது நிறுவனத்தின் கொள்கை என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலைத் தலைவருக்கு அது பத்து லட்சத்துக்கு எத்தனை பழுது என்ற எண். ஒரு லைனின் சூப்பர்வைசருக்கு அது ஒரு குறிப்பிட்ட துளையின் விட்டம் எல்லை தாண்டுவதால் வரும் ரிஜெக்ஷன். அந்த மெஷினில் நிற்பவருக்கு, எத்தனை பீஸுக்கு ஒரு முறை டூலை மாற்ற வேண்டும் என்ற கேள்வி. ஒவ்வொரு படியிலும் கீழே இருப்பவர், “இந்த ஃபிக்ஸ்சரை வைத்துக்கொண்டு அந்த அளவு வராது” என்று மேலே திருப்பிச் சொல்லலாம். அப்படி மேலும் கீழும் போய்வந்த பிறகே இலக்கு உறுதியாகிறது.

மதிப்பாய்வில் பார்ப்பது நான்கு நிலைகளை. செய்வதாகச் சொன்னதைச் செய்து இலக்கையும் எட்டியிருந்தால் அதையே நிலையான முறையாக்குவார்கள். செய்யவில்லை, எட்டவும் இல்லை என்றால் ஏன் செய்ய முடியவில்லை என்று பார்ப்பார்கள். செய்தும் எட்டவில்லை என்றால் ஊகமே தவறு, வேறு வழி தேட வேண்டும். நான்காவதுதான் என்னை யோசிக்கவைத்தது. செய்யவே இல்லை, ஆனால் இலக்கு எட்டிவிட்டது. மற்ற நிறுவனங்களில் இதற்கு போனஸ் கிடைக்கும். இங்கே அதை அதிர்ஷ்டம் என்று எழுதி, காரணம் தெரியாததால் கவலைக்குரியது என்று குறிப்பார்கள். எண் பச்சையாக இருந்தும் கேள்வி கேட்கும் கூட்டத்தை நான் வேறெந்த மேலாண்மை முறையிலும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓரளவு பெரிய உதிரிபாகத் தொழிற்சாலைக்குள் போனால் ஒவ்வொரு லைன் ஓரத்திலும் ஒரு பலகை நிற்கும். உற்பத்தி, தரம், செலவு, டெலிவரி, பாதுகாப்பு, மனநிலை என்று ஆறு பத்தி. பாதுகாப்புக்குச் சிலுவை வடிவில் மாதத்தின் நாட்கள் கட்டங்களாக இருக்கும். விபத்தில்லாத நாளுக்குப் பச்சை, அடிபட்ட நாளுக்குச் சிவப்பு. ஷிஃப்ட் தொடங்கும்போது பத்து நிமிடம் அதன் முன் நின்று பேசுவார்கள். உயிருள்ள பலகையை அடையாளம் காண்பது எளிது. எண்கள் கையால் எழுதப்பட்டிருக்கும், அடித்துத் திருத்தப்பட்டிருக்கும், சிவப்புக்கு எதிரே யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற குறிப்பு இருக்கும். வாடிக்கையாளர் ஆடிட் வருவதற்கு முந்தைய நாள் உட்கார்ந்து நிரப்பிய பலகையும் பல இடங்களில் உண்டு. அதில் எல்லாம் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அழகாகப் பச்சையாக இருக்கும். முறையின் பெயர் இரண்டிலும் ஒன்றுதான்.

அளவுகளை ஊதியத்தோடு கட்டலாமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. மோபில் கட்டியது, பலனும் கண்டது. இட்னர், லார்க்கர், மார்ஷல் மேயர் மூவரும் 2003ல் விவரித்த ஒரு பெரிய வங்கியில், ஸ்கோர்கார்டை வைத்து போனஸ் தர முயன்றபோது மேலதிகாரிகள் பல அளவுகளைக் கண்டுகொள்ளாமல் பண எண்ணுக்கே எடை கொடுத்தார்கள். ஊழியர்கள் பாகுபாடு என்று குமுறினார்கள். கடைசியில் வங்கி அதைக் கைவிட்டு வருவாய்க் கணக்குக்கே திரும்பியது. லைப், சால்ட்டேரியோ இருவரின் 2000ஆம் ஆண்டுச் சோதனையும் இதற்குத் துணை நிற்கிறது. இரண்டு பிரிவுகளை மதிப்பிடச் சொன்னால் இரண்டுக்கும் பொதுவான அளவுகளை மட்டுமே மனம் எடுத்துக்கொள்கிறது, ஒவ்வொன்றின் வியூகத்துக்கென்றே தனியாக வைத்த அளவு பயனற்றுப் போகிறது. வியூகத்தைத் தனித்துக் காட்டத்தானே அந்த அளவை வைத்தோம்! என் கருத்து இதுதான்: புதிய அளவுகளை முதல் ஓரிரு ஆண்டுகள் பணத்தோடு கட்டாமல் பேச்சுக்கு மட்டும் வையுங்கள். சங்கிலி உண்மை என்று தெரிந்த பின் குழுவாகச் சேர்த்து, சிறிய பங்குக்கு மட்டும் கட்டுங்கள்.

அரசுத் துறையில் இந்த வரலாறு சோர்வு தருவது. அர்ஜுன் சென்குப்தா குழுவின் 1984 பரிந்துரையை ஒட்டி, பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அமைச்சகங்களுக்கும் இடையே புரிந்துணர்வு ஒப்பந்த முறை வந்தது. ஆண்டு முடிவில் மதிப்பெண், ஐந்து தரநிலை. எளிதில் எட்டும் இலக்கைப் பேசி வாங்கிக்கொண்டு உயர்ந்த தரம் பெறுவதே பல இடங்களில் பழக்கமானது. 2009ல் மத்திய அமைச்சகங்களுக்கு வந்த செயல்முடிவு ஆவண முறை சில ஆண்டுகளில் ஓய்ந்தது. 2018 ஜனவரியில் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் ஒரு நல்ல சிந்தனை இருக்கிறது. விருதுநகர், ராமநாதபுரம் உட்பட 112 மாவட்டங்களை 49 குறியீடுகளில் அளந்து, எங்கே நிற்கிறது என்பதைவிட எவ்வளவு முன்னேறியது என்பதற்கு வரிசை தருகிறார்கள். பின்தங்கிய மாவட்டம் அதனால் துவண்டுபோவதில்லை. ஆனால் தரவை மாவட்டமே தருகிறது, மாதாமாதம் வரிசை வெளியாகிறது. வெளியார் ஆய்வு வைத்துச் சரிபார்க்கும் ஏற்பாடு இருந்தாலும், ஒரு எண்ணை உண்மையாகச் சிவப்பாக எழுதும் மாவட்ட ஆட்சியருக்குப் பாராட்டு கிடைக்கும் ஏற்பாடு எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இதே கேள்வி வயிற்றுப்பாட்டோடு மோதுகிறது. பெருந்தோட்டக் கம்பெனிகள் சொல்லும் வியூகம், உயர்ந்த விலைக்குப் போகும் தரமான சிலோன் தேயிலை. கொழும்பு ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பதும் தரம்தான், அதற்கு இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாளைத் தீர்மானிப்பது கிலோ. பல தோட்டங்களில் 18, 20 கிலோ என்று வைத்திருக்கும் அளவை எட்டாவிட்டால் அரைப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம். எடை முந்தும் இடத்தில் முற்றிய இலையும் கூடையில் சேரத்தான் செய்யும். செடி பராமரிப்பின்றிக் காடாகிக் கொழுந்து குறைந்திருந்தாலும் அளவு மாறுவதில்லை. எந்த மலையில் எந்தச் செடி ஏன் கொழுந்து விடவில்லை என்று தொழிற்சாலைக்கும் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கும் முன்பே அறிந்தவர் பறிப்பவர்தான். அளவை நிர்ணயிக்கும் பேச்சில் அவருக்கு இடமில்லை. நாள் சம்பளத்துக்குப் பதில் வருவாயைப் பகிரும் முறைக்கு மாறலாம் என்று கம்பெனிகள் சொல்கின்றன. நாள் கூலி தரும் பாதுகாப்பை இழந்துவிடுவோம் என்று தொழிலாளர் தரப்பில் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. எந்த முறை வந்தாலும் கொழுந்தின் தரம், செடியின் நிலை, பறித்த எடை மூன்றுக்கும் அளவு வைக்க வேண்டும். இன்னின்ன மலையில் இவ்வளவுதான் வரும் என்று பறிப்பவர் சொல்வதைப் பதிவு செய்து பதில் சொல்லும் கடமை தோட்ட நிர்வாகத்துக்கு இருக்க வேண்டும். பாடியில் மெஷின் முன் நிற்பவருக்கு ஃபிக்ஸ்சரைப் பற்றித் திருப்பிச் சொல்லும் உரிமை கிடைத்தது போல, நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கூடை சுமப்பவருக்கும் அது கிடைக்க வேண்டும். அதைச் செய்ய எந்தப் புதிய மென்பொருளும் தேவையில்லை, அடுத்த சம்பளப் பேச்சில் சேர்த்துவிடலாம்.